இரண்டு கிலோபைட்டில் எத்தனை வரி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், என்னைப் பற்றி அந்த நாட்களில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவின. இன்டர்நெட் முழுவதும் என் விரல் நுனியில் கிடக்கிறது என்பது ஒன்று. அதை நானே பரப்பினேன். எனக்கு ஒரு பல்ப் மாற்றவும் தெரியாது என்பது மற்றது. அதைப் பரப்பியவர் நான் அறை எடுத்திருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா. உண்மை அந்த அம்மாவின் பக்கமே இருந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் என் வேலை. சின்னச் சின்ன ஒபிஸ்களுக்கும் கடைகளுக்கும் மின்னஞ்சல் முகவரி கொடுக்கிற கம்பனி. அஞ்சல்கள் வந்து போகிற கணினியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு போஸ்ட்மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீருடை இல்லை, சைக்கிள் இல்லை, ஒருவரும் தீபாவளிக்குப் பலகாரம் தருவதுமில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் என் ஒழுங்கை வாசலிலேயே கொம்யூனிகேஷன் நடத்தியவர். ஹற்றன் பக்கத்து மனிதர். டெலிபோன், போட்டோக் கொப்பி, ஃபக்ஸ், அதோடு மின்னஞ்சல். கடைக்கு ஒரே ஒரு முகவரி. ஒழுங்கையில் இருந்த எல்லாருடைய கடிதங்களும் அதற்கே வரும். அவர் அச்செடுத்து, மடித்து, ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

கூப்பிடுவது என்றால் சாதாரணமாக இல்லை. தேயிலை மலையில் ஒரு லயத்திலிருந்து, அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, இன்னொரு லயத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"டீச்சர்! ஒங்க இஞ்சேரும் வந்திருச்சு!"

ரீச்சர் இருந்தது என் கட்டடத்தின் நாலாம் மாடியில். கணக்கு ரீச்சர். வடக்கே வன்னியிலிருந்து கண் ஒப்பரேஷனுக்காக இரண்டு கிழமை, பதினாலு நாள், லீவு எடுத்து, வெளியே வரப் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்தவர். கண் திறந்தது, சண்டையில் பாதை பூட்டப்பட்டது. பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அந்த நாலாம் மாடியில் ரியூசன் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். கணவர் அந்தப் பக்கம். ஒரு நிவாரண நிறுவனத்தில் ஸ்ரோர்கீப்பர். அந்த ஒபிஸில் ஒரு சற்றலைற் டிஷ் இருந்தது. சனிக்கிழமைகளில் ஊழியர்களும் வீட்டுக்கு எழுதலாம்.

அவர் எழுதுவது ஐந்து வரி. தமிழ் எழுத்து அங்கே இல்லாததால் ஆங்கில எழுத்தில் தமிழ். சுகம் என்று ஒரு வரி. மழையைப் பற்றி ஒன்று. அரிசி மூட்டை நனைந்ததைப் பற்றி ஒன்று. கண் எப்படி என்று ஒன்று. கவனம் என்று ஒன்று. தலைப்பு எழுதும் இடத்தில் எப்போதும் ஒரே சொல்: இஞ்சேரும்.

யாழ்ப்பாணத்து ஆண்களில் அந்தத் தலைமுறைக்காரர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'இங்கே பாரும்' என்பது வாயில் கிடந்து தேய்ந்து 'இஞ்சேரும்' ஆகிவிட்டது. மனைவி 'இஞ்சருங்கோ' என்பார். இருபத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவ்வளவுதான் விலாசம். மின்னஞ்சலில் தலைப்பு என்ற கட்டத்தைப் பார்த்ததும், மனிசியைக் கூப்பிடுகிற இடம் இதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"ஏன் டீச்சர், ஒங்க ஊரு ஆம்பளைங்களுக்குப் பொண்டாட்டி பேரு ஞாபகமே இருக்காதா?" என்று கடைக்காரர் கேட்பார்.

"ஞாபகம் இருக்கிறபடியாத்தான் சொல்லுறேல்லை," என்று ரீச்சர் கடதாசியை வாங்கிக்கொண்டு போவார். படியில் ஏறும்போதே வாசித்துவிடுவார். ஐந்து வரிக்கு ஒரு மாடி போதும்.

பிறகு பொய்க் கடிதங்கள் தொடங்கின.

உலகத்தில் எங்கோ இருக்கிற விளம்பரக்காரன் யாருடைய முகவரியையும் எடுத்து, அனுப்புநர் இடத்தில் போட்டுவிடலாம். கடித உறையின் பின்பக்கம் உங்கள் மாமாவின் பெயரை நான் எழுதுவது போல. எழுதும்போது பேனா தடுக்காது. அப்படி அந்த ஸ்ரோர்கீப்பரின் முகவரி எவன் கையிலோ அகப்பட்டுவிட்டது.

ஒரு நாள் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டு, அச்செடுத்த பிறகு வாசித்திருக்கிறார். ரீச்சர் நாலு மாடியும் இறங்கி வந்து நின்றபோது கடதாசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். நான் அங்கேதான் மொபைலுக்கு ரீலோட் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இது... இது ஒங்களுக்கு வேணாங்க."

"என்ரை கடிதத்தைத் தாரும்."

பறித்து வாசித்தார். ஆண்மை பெருக்கும் குளிசை. மூன்று பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம். கணக்கு ரீச்சர் அல்லவா, அடி வரை முழுதாக வாசித்தார்.

"தம்பி," என்று என் பக்கம் திரும்பினார். "மனிசன் ஒரு தலையிடிக் குளிசை விழுங்கப் பண்ணவே நான் பின்னாலை திரிய வேணும். இவர் எங்கை இதை விக்கிறது?"

மூன்று பேரும் சிரித்தோம். ரீச்சர்தான் முதலில் நிறுத்தினார்.

அடுத்த கிழமை கைக்கடிகாரம். அதற்கடுத்து உடம்பு மெலியும் தேயிலை. கடைக்காரருக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் கூப்பிட்டுவிடுவார். லிப்ற் பெரும்பாலும் வேலை செய்யாது. ரீச்சர் ஓடி வருவார்.

"ஒவ்வொருக்காக் கூப்பிடேக்கையும் நெஞ்சு வாய்க்குள்ளை வந்திடுது தம்பி. இறங்கி வந்து பாத்தால் தேயிலை. இவரின்ரை பேரிலை வாற பொய்யளை நிப்பாட்டித் தரேலாதோ? உம்மடை கையிலைதானே எல்லாம் கிடக்கு."

நான் பரப்பிய அபிப்பிராயம் வேலை செய்துவிட்டது.

"ரீச்சர், இனி அவரின்ரை பேரிலை ஒரு ஈ எறும்பும் உள்ளை வராது," என்றேன்.

வாழ்க்கையில் நான் கொடுத்து முழுமையாக நிறைவேற்றிய வாக்கு இது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தங்கியிருப்பவர்களின் பட்டியலைப் பொலிஸில் பதிந்து வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முதலில், என் பெயர் பிறகு. பட்டியலில் என் பெயர் முதலில், அப்பா பிறகு. நானும் நானும் ஒரே ஆள்தான் என்று பல் தீட்டாத வாயோடு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கடைசியில் வீட்டுச் சொந்தக்கார அம்மாவைக் கூப்பிட்டு, இவன் அவன்தானா என்று கேட்டார்கள். அம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஓம், அவர்தான். பல்ப் மாத்தத் தெரியாது," என்று சிங்களத்தில் சொன்னார்.

பொலிஸ்காரர் சிரித்துவிட்டு என்னை விட்டார். பட்டியலால் முடியாததை அந்த பல்ப் முடித்து வைத்தது.

இதிலிருந்து புத்தியுள்ளவன் ஏதாவது படித்திருப்பான். நான் நேரே வேலைக்குப் போய் ஒரு பட்டியல் போட்டேன்.

உண்மையில் பட்டியல் நான் கண்டுபிடித்தது இல்லை. அப்போது அஞ்சல் உலகத்தில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த முறை. ஒவ்வொரு நிறுவனமும் 'எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை உள்ள கணினிகள் இவை' என்று எல்லாரும் பார்க்கும்படி அறிவித்து வைக்கும். அஞ்சல் வரும்போது, வாங்குகிற பக்கம் அந்த அறிவிப்பைப் பார்க்கும். அதில் உள்ள கணினியிலிருந்து வந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் பெயர் திருடி வந்தது. நிவாரண நிறுவனம் ஒழுங்கானது. பட்டியல் போட்டிருந்தது. வன்னியிலிருந்து எழுதுவதெல்லாம் டிஷ் வழியாக அவர்களுடைய தலைமைக் கணினிக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கு வரும். அந்தக் கணினி பட்டியலில் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டிக்காரன் நிறுத்துவானா? தலைப்பில் ஆங்கில அகராதியில் இல்லாத கண்டபடி எழுத்துக்கூட்டம் இருந்தால் அதுவும் ஒரு குற்றம் என்று இன்னொரு விதி சேர்த்தேன். விளம்பரக்காரர்கள் அப்படித்தான் கன்னாபின்னாவென்று தலைப்பு வைப்பார்கள். ஒரு குற்றம் இருந்தால் சந்தேகப் பெட்டியில் போடு. இரண்டும் சேர்ந்தால் எறிந்துவிடு.

என் மேலதிகாரி நல்ல மனிதர். நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை மல்லி என்பார்; சிங்களத்தில் அண்ணன், தம்பி. விதியைப் பார்த்துவிட்டு, "எறியிறதா? அனுப்பினவருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அய்யே, பெயரைத் திருடினவனுக்கா அது போகும்? பெயருக்குச் சொந்தக்காரனுக்குத்தான் போய்க் குவியும். பாவம் அந்த மனுசன்," என்றேன்.

சரியான பதில். சோதனையில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை உண்மையான கடிதம் வந்தது. தலைப்புக் குற்றத்துக்காகச் சந்தேகப் பெட்டியில் விழுந்தது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். விளம்பரம் ஒன்றும் வரவில்லை. எல்லாம் சரி என்று நான் கடையிலேயே நின்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஆயிரம் பைட் ஒரு கிலோபைட் என்றெல்லாம் ரீச்சருக்கே கணக்குப் படிப்பித்தேன். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ரீச்சர் எனக்கு ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் தந்தார்.

பிறகு சண்டை இறுகியது. நிவாரண நிறுவனங்களின் வெளிநாட்டுக்காரர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். உள்ளூர் ஊழியர்கள் அங்கேயே. சனிக்கிழமைக் கடிதம் நின்றது.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. யாருக்குத்தான் அங்கிருந்து எதுவும் வந்தது? கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் "ஒண்டும் இல்லையோ" என்று கேட்பதும், கடைக்காரர் தலையசைப்பதும் வழக்கமாயிற்று. அவருடைய பெரிய தொண்டைக்கு வேலை இல்லாமல் போனது. ரீச்சர் பின்னேரம் ரியூசனுக்கு முன் இறங்கி வந்து, கேட்காமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். சனிக்கிழமைகளில் கணவருக்கு எழுதினார். போன கடிதங்கள் திரும்பி வரவில்லை. அவை தலைமைக் கணினியில் அவர் பெட்டிக்குள் போய்க் கிடந்திருக்கும். பெட்டியைத் திறக்க அவருக்கு வழி இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"பாரும், லைன் இல்லைப்போலை," என்பார் ரீச்சர்.

"டிஷ்ஷைக் கழட்டியிருப்பாங்கள்," என்பேன் நான், எல்லாம் தெரிந்தவன்.

தைப்பொங்கல் போய் ஒரு மாதமிருக்கும். புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கு, எத்தனை பொய்க் கடிதங்களைப் பிடித்திருக்கிறோம் என்று ஒரு தாள் எழுதித் தரச்சொன்னார் அய்யே. எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கணினி எறிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைக்கும்: நாள், நேரம், அனுப்பியவர், தலைப்பு, அளவு. உள்ளே இருந்தது போய்விடும், வரி மட்டும் மிஞ்சும். மிகவும் வேடிக்கையான தலைப்புகளைப் பொறுக்கி எடுப்போம் என்று சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு உருட்டினேன். குளிசை, குளிசை, கடிகாரம், லொத்தர்ச் சீட்டு, குளிசை.

இஞ்சேரும்.

கையில் சோறு இருந்தது. மேலும் உருட்டினேன். இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்று. முதல் இரண்டும் மழைக்காலத்தில். மூன்றாவது தைப்பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள், பகல் பதினொரு மணிக்கு.

வந்த வழியைப் பார்த்தேன். பழைய தலைமைக் கணினி இல்லை. வேறு ஏதோ நாட்டில் வேறு ஒரு கணினி. அங்கே மிஞ்சியிருந்தவர்கள் இன்னொரு டிஷ்ஷை எங்கோ பொருத்தி, கிடைத்த வழியால் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கணினியைப் பட்டியலில் சேர்க்க அங்கே யார் இருந்தார்கள்? பட்டியலில் இல்லை, ஒரு குற்றம். தலைப்பு அகராதியில் இல்லை, இரண்டாவது குற்றம். எறி.

அந்தச் சொல்லை இந்த உலகத்தில் எந்த விளம்பரக்காரனும் எழுதமாட்டான். ஒரே ஒரு மனிதன்தான் எழுதுவான். அதை வைத்தே என் விதி அவரைப் பிடித்தது. திருப்பி அனுப்பியிருந்தாலாவது போய்ச் சேரவில்லை என்று தெரிந்து வேறு வழி பார்த்திருப்பார். நான் சத்தமில்லாமல் எறிந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். மூன்று தரம் எழுதியும் பதில் போடாத மனிசி என்றும் நினைத்திருக்கலாம்.

இரண்டு நாள் அந்தத் தாளை ஷேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நாலு மாடியும் ஏறினேன். ரியூசன் தொடங்க அரை மணித்தியாலம் இருந்தது.

"என்ன தம்பி, மூச்சு வாங்குறீர்? லிப்ற் இண்டைக்கும் கோவமோ?"

சொல்லிச் சிரிக்க ஒரு பகிடி ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். அது மூன்றாம் மாடியிலேயே நின்றுவிட்டது. தாளை நீட்டினேன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரி வரியாக இறக்கினார். விரல் நின்றது.

"இஞ்சேரும்," என்று வாசித்தார். வாசித்தது அவர் குரலில் இல்லை. வேறு யாரோ அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

"கடிதம் எங்கை?"

"இல்லை ரீச்சர். எறிபட்டுப் போச்சு."

"ஆர் எறிஞ்சது?"

"மெசின். நான் எழுதின விதி. நான்தான்."

முழுதையும் சொன்னேன். ஏசினால் நல்லது என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசவில்லை.

"குளிசைக்காரனாயும் இருக்கலாமே?"

"குளிசைக்காரனுக்கு இஞ்சேரும் தெரியாது ரீச்சர்."

"மெசினுக்கும் தெரியாதுதான்." கண்ணாடியைக் கழற்றினார். "உமக்குத் தெரியும்தானே தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் பிள்ளை ஒரு படியை விட்டுவிட்டால், அந்த இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டுவார்களே, அப்படி.

பிறகு மறுபடி தாளைப் பார்த்தார். "இந்த ரெண்டு எண்டு போட்டிருக்கிறது அளவோ? ரெண்டு கிலோபைட் எண்டால் எத்தினை வரி?"

ஓர் அஞ்சலில் நாம் வாசிக்கிற எழுத்தைவிட, அது எங்கெங்கே போய் வந்தது என்ற முத்திரைகள்தான் கூட இடம் பிடிக்கும். இரண்டு கிலோபைட்டில் உறைதான் பெரிது. உள்ளே ஐந்து வரி இருந்திருக்கும், வழக்கம் போல. ஏதாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

"கனக்க இருக்கும் ரீச்சர்," என்றேன்.

"கனக்க எண்டால்? ஒரு எழுத்து ஒரு பைட் எண்டு நீர்தானே சொன்னனீர்." ரியூசன் கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தில் போட்டார். இரண்டாயிரம் எழுத்து, வரிக்கு அறுபது. "முப்பத்திமூண்டு வருகுது. உறைக்குக் கொஞ்சம் கழிச்சால் முப்பது. சரியோ?"

"சரி ரீச்சர்."

பென்சிலை வைத்துவிட்டு யன்னல் பக்கம் பார்த்தார். தண்டவாளத்துக்கு அப்பால் கடல்.

"இவர் ஒருநாளும் முப்பது வரி எழுதினதில்லை," என்றார். "அவ்வளவு சொல்ல இருந்திருக்கு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஐந்து வரிதான், சுகம், மழை, அரிசி, கண், கவனம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் தேவையில்லாத இடமெல்லாம் கதைத்தவன், அன்றைக்கு மரியாதையாகப் பேசாமல் நின்றேன். இன்று வரை அது திருத்தப்படவில்லை. ஐந்து வரியை இழந்த மனிசிக்கு நான் முப்பது வரியாக்கிக் கொடுத்தேன்.

வேலிப் படலையில் நின்று விடைபெறுவது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு ரீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். "எல்லாத்தையும் உள்ளை விடும் தம்பி. பொய்யும் வரட்டும். நான் பாத்துப் பிரிக்கிறன்."

அன்றைக்கே விதியை எடுத்தேன். கடைக்காரர் ரீச்சருக்காக, அந்த மூன்றும் வந்த புதிய வழிக்கு ஒரு பதிலும் தட்டினார். ரீச்சர் சொன்ன வாசகம் ஒரு சொல்: இஞ்சருங்கோ. அது திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

விளம்பரங்கள் வந்தன, மடை திறந்தது போல. கடைக்காரர் இப்போது சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. ஒரு கட்டாக அச்செடுத்து வைத்திருப்பார். ரீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். குளிசை. கடிகாரம். தேயிலை. அடி வரைக்கும். சில வேளை நான் பக்கத்தில் நின்றால், "இவன் எழுத்துப்பிழை விடுறான் தம்பி, இவர் விடமாட்டார்," என்று ஒன்றைத் தள்ளி வைப்பார்.

சண்டை முடிந்தது. பெரிய தெருவான காலி வீதியில் வெற்றி வெடி கொளுத்தினார்கள். கடைக்காரர் கதவுப் பலகையைப் பாதிக்கு இழுத்துவிட்டு உள்ளே இருந்தார். ரீச்சர் வவுனியாவுக்குப் போய் முகாம்களின் பட்டியல்களைப் பார்த்துவிட்டு வந்தார். கணவருடைய அப்பாவின் பெயரை முதலில் போட்டும், பிறகு போட்டும் பார்த்தாராம். என் கதை நினைவிருந்திருக்கிறது. இரண்டிலும் இல்லை.

அந்த வருடக் கடைசியில் கட்டு மெலிந்துகொண்டு வந்தது. விளம்பரக்காரர்களுக்குப் புதிய பெயர்கள் கிடைத்திருக்கும். கிழமைக்குப் பத்து, பிறகு நான்கு, பிறகு ஒன்று.

ஒரு பின்னேரம் நான் வேலை முடிந்து வந்து இறங்கியபோது ரீச்சர் கடையில் நின்றார். கடைக்காரரின் கையில் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். "விளம்பரமும் இல்லையோ தம்பி?"

நானும் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். சந்தேகப் பெட்டியையும் திறந்து பார்த்தேன்.

"இல்லை ரீச்சர்."

"குளிசைக்காரனும் விட்டிட்டான்," என்று சொல்லிவிட்டுப் படியால் நாலு மாடியும் ஏறிப் போனார். அன்றைக்கு லிப்ற் வேலை செய்துகொண்டிருந்தது.